கையால் நூற்ற நூலில் ரேந்தை மேஸ்: மூன்றே வாரத்தில் குதிகால் போய்விட்டது

சாரல்மழை | ஜனவரி 11, இரவு 9.20

இரண்டு வருடமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான். இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன், அதுவும் ஒரு ஓட்டையைப் பற்றி.

நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் இருக்கிறேன். இந்த மாதம் இங்கே விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. சீமெந்துத் தரையில் வெறுங்காலை வைத்தால் சுள்ளென்று ஏறும். அம்மாவுக்கு இரவில் பாதம் விறைத்துத் தூக்கமே வருவதில்லை. அவருக்கு ஒரு சோடி மேஸ் (காலுறை) பின்னலாம் என்று தொடங்கினேன். வெறும் மேஸ் இல்லை, ரேந்தை வேலை (துளை துளையாக வரும் லேஸ் பின்னல்) வைத்தது. நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த மனுஷிக்கு இதுவரை யாரும் ரேந்தை வைத்து எதுவும் கொடுத்ததில்லை.

நூலும் நானே நூற்றதுதான். சின்னம்மா குடும்பம் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் (மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தம்) கோத்தகிரிக்குப் போனவர்கள். போன வருடம் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சின்னம்மா தெரிந்தவரிடம் வாங்கி, கழுவி, சீவி வைத்திருந்த நீலகிரி ஆட்டுக் கம்பளியை ஒரு பை நிறையத் தந்தார். இரண்டு பழைய சீடியும் ஒரு மூங்கில் குச்சியும் கொண்டு தக்களி செய்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம் என்று நாலு மாதம் நூற்றேன். இரண்டு இழை சேர்த்து முறுக்கி, 60 கண்ணி (ஊசியில் ஏற்றும் வளையம்) போட்டு, 3 மில்லிமீற்றர் ஊசியில் பின்னினேன். பெரிய ஊசி என்றால் ரேந்தையின் துளை நன்றாகத் தெரியும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

இரண்டு பிரச்சினை. ஒன்று, துளை தெரியவே இல்லை. மழையில் நனைந்த கோழி மாதிரி மொத்தமும் மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு, மூன்றாவது வாரம் வலது கால் மேஸில் குதிகால் கிழிந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கறுப்பு நூலால் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

எங்கே பிழை விட்டேன்?


ஊசிக்காரி | ஜனவரி 11, இரவு 10.05

தங்கச்சி, அழாமல் நாலு விஷயம் சொல்லுங்கள்.

ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி வருகிறது? நூலை அடிமட்டத்தில் நெருக்கமாகச் சுற்றினால் ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று? அம்மாவின் பாதம் சுற்றளவு எவ்வளவு? அவர் மேஸுக்கு மேலே செருப்புப் போடுகிறாரா, வெறும் மேஸோடு தரையில் நடக்கிறாரா?

இதெல்லாம் தெரியாமல் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கினால் இழை நீளுமே தவிர மேஸ் நீளாது.


அட்டைக்கடி | ஜனவரி 11, இரவு 10.31

கொழுந்து மலைக்காரிக்கு ஓட்டை வைத்த மேஸ்! அட்டைக்குக் கதவு திறந்து வைத்து, வாசலில் கோலமும் போட்ட மாதிரி.

மன்னிக்கணும் டீச்சர். எனக்குப் பின்னத் தெரியாது, சிரிக்கத்தான் இங்கே வருகிறேன்.


சாரல்மழை | ஜனவரி 12, மாலை 6.15

அட்டைக்கடி, அம்மா இதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தார். மலைக்குப் போட்டுப் போக இல்லை என்று சொல்லச் சொன்னார்.

அக்கா, அளந்துவிட்டேன். அங்குலத்துக்கு 6 கண்ணி. நூல் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் 11, இன்னோர் இடத்தில் 15. பாதம் சுற்றளவு எட்டரை அங்குலம். வீட்டுக்குள் மேஸோடுதான் நடக்கிறார், சீமெந்துத் தரை. மேஸ் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, அடிக்கடி இழுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.


ஊசிக்காரி | ஜனவரி 12, இரவு 8.40

வழுக்குகிறது என்றாரா? பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

60 கண்ணியை 6-ஆல் வகுத்தால் 10 அங்குலம். அம்மாவின் பாதம் எட்டரை. ஒன்றரை அங்குலம் தொளதொளவென்று தொங்குகிற மேஸ் ஒவ்வோர் அடிக்கும் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் உருளும். சீமெந்துத் தரை உப்புத்தாள் மாதிரி. கீழே உப்புத்தாள், மேலே அம்மாவின் பாரம், நடுவில் உங்கள் நாலு மாத உழைப்பு. மூன்று வாரம் நின்றதே பெரிய விஷயம்.

மேஸ் எப்போதும் பாதத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு சின்னதாக இருக்க வேண்டும். இழுபட்டுப் பிடித்தால்தான் உராயாது. எட்டரை அங்குலப் பாதத்துக்கு ஏழரை, ஏழே முக்கால். அதே 60 கண்ணியை அங்குலத்துக்கு 8 வருகிற மாதிரிப் பின்னினால் சரியாக ஏழரை. அதற்கு 3 மில்லிமீற்றர் ஊசி சரிவராது, 2 அல்லது 2.25 வேண்டும்.

பெரிய ஊசி என்று அந்தக் காணொளியில் சொன்னது சால்வைக்கு. சால்வையை நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைக்கிறோம், அப்போது துளை திறக்கும். மேஸில் அந்த வேலையைக் கால் செய்துவிடும். நெருக்கமாகப் பின்னின ரேந்தை கையில் பார்த்தால் சுருங்கின வாழைப்பூ மாதிரி இருக்கும். காலில் ஏற்றினதும் விரியும்.

2 மில்லிமீற்றர் ஊசி கடையில் கிடைக்கவில்லை என்றால் சைக்கிள் கடைக்குப் போங்கள். சாதாரண ஸ்போக்ஸ் கம்பி 2 மில்லிமீற்றர்தான். ஐந்து கம்பி வாங்கி, வளைந்த தலையையும் மரை வெட்டின முனையையும் அரிந்துவிட்டு, இரண்டு பக்கமும் அம்மிக்கல்லில் தேய்த்துக் கூராக்குங்கள். ரொம்பக் கூர் வேண்டாம், விரலில் ஏறும். பிறகு மெல்லிய உப்புத்தாள், கடைசியாக மெழுகுதிரி. எனக்கு முதல் ஊசி அப்படி வந்ததுதான். ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்த என் அம்மம்மா துரைசாணி பின்னுவதைப் பார்த்துப் பழகியவர். ஊசி வாங்கக் காசு இல்லை, பங்களாச் சைக்கிள் ஒன்று உடைந்து கிடந்தது. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊசியை மாற்றினால் மட்டும் போதாது. 11-க்கும் 15-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிற நூலை 2 மில்லிமீற்றர் ஊசியில் பின்னினால் பலகை மாதிரி விறைத்து நிற்கும். நூல் விஷயம் தக்களி அண்ணனுக்குத்தான் சரி. எங்கே அவர்?


தக்களி | ஜனவரி 13, காலை 5.50

இருக்கிறேன். ஹட்டனில் நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை.

தங்கச்சி, உங்கள் நூலில் முறுக்கு போதாது. படத்தைப் பார்க்காமலே சொல்வேன். நீங்கள் சொன்ன "மயிர் சிலிர்த்த கோழி" அதைத்தான் காட்டுகிறது. முறுக்குக் குறைந்த நூலில் நாரின் நுனி எல்லாம் வெளியே தலை நீட்டும். அந்த நுனிகள்தான் ரேந்தைத் துளையை மூடுகின்றன. அதே நுனிகள்தான் தரையில் உரசி ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. இரண்டு பிரச்சினை என்று எழுதினீர்கள், எனக்கு ஒன்றுதான் தெரிகிறது.

சோதிப்பது லேசு. நூற்றுக்கொண்டிருக்கும்போது தக்களிக் கதிரிலிருந்து இரண்டு சாண் இழையை இழுத்து, நடுவில் மடித்து, தொங்கவிடுங்கள். தானாகச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சின்னத் துண்டுதான் உங்கள் இரட்டை நூல் எப்படி வரும் என்பதற்கு மாதிரி. அதைப் பெருவிரல் நகத்தால் இருபது தடவை சுரண்டுங்கள். பஞ்சு எழும்பினால் முறுக்குப் போதாது. கயிறு மாதிரி அப்படியே கிடந்தால் மேஸுக்கு ஆகும். நல்ல மாதிரி ஒன்றை அட்டையில் கட்டித் தக்களிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தொடங்கும்போது ஒப்பிட வேண்டும். கை நம்மை ஏமாற்றும். திங்கட்கிழமைக் கையும் வெள்ளிக்கிழமைக் கையும் ஒன்றில்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய இழையில் இந்தச் சோதனை பொய் சொல்லும். நாலு நாள் கதிரில் கிடந்த இழையில் முறுக்கு தூங்கிவிடும். மடித்தாலும் சும்மா தொங்கும். தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், எழும்பிவிடும்.

சின்னம்மா சீவித் தந்தது ஆணிப் பலகையிலா, சீப்பிலா? பலகையில் என்றால் நார் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், உள்ளே காற்று நிற்கும். ஸ்வெட்டருக்கு அது சொர்க்கம். மேஸுக்கு நார் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும், சீப்பில் வாரின தலைமுடி மாதிரி. இருக்கிற கம்பளியை வீணாக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, நீளவாக்கில் இழுத்து ஒழுங்காக்கி, முன் கையால் இழுக்கும்போது அந்தக் கையின் பிடியை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கும் நடுவில் விரிகிற பஞ்சு முக்கோணத்துக்குள் முறுக்கு ஏறக் கூடாது. ஏறினால் அங்கே கட்டி, அடுத்த இடத்தில் மெலிவு. உங்கள் 11-உம் 15-உம் அப்படி வந்ததுதான்.

நீலகிரிக் கம்பளி மேஸுக்கு நல்ல தேர்வு. அந்த ஆட்டில் உள்ளூர் இனத்தோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆடுகள். தனி மெரினோ மேஸ் கன்னத்தில் வைக்கச் சுகம், காலில் நிற்காது. கொஞ்சம் முரடு கலந்திருந்தால்தான் குதிகால் நிற்கும்.

கடைசியாக, இரண்டு இழை போதாது. மூன்று இழை போடுங்கள்.


லிந்துலைப்பிள்ளை | ஜனவரி 13, இரவு 11.15

தக்களி அண்ணா சொன்னதில் முக்கால்வாசிக்குக் கைதட்டுகிறேன், கடைசி வரிக்கு மட்டும் இல்லை. (நான் இப்போது டொரன்டோவில். இங்கே வெளியே பனி முழங்கால் வரை, அதனால் மேஸ் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது.)

மூன்று இழை நூல் உருண்டையாக இருக்கும். எந்தப் பக்கம் உரசினாலும் மூன்றும் பாரத்தைப் பங்குபோடும். உறுதிக்கு அதுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் உருண்டை நூல் ரேந்தையின் துளையை நிரப்பிவிடும். இரண்டு இழை நூல் தட்டையானது. இரண்டு இழையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால் துளை விரிந்தே இருக்கும். ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுக்காரர் ரேந்தைச் சால்வைக்கு மூன்று இழை நூல் தேடிப் போனதில்லை.

பிறகு கணக்கைப் பாருங்கள். ஒரு சோடி மேஸுக்குச் சுமார் 350 மீற்றர் நூல். மூன்று இழை என்றால் 1,050 மீற்றர் நூற்க வேண்டும். முறுக்கும்போது குறுகுவதையும் சேர்த்தால் இன்னும் கூட. இரண்டு இழை என்றால் 700. சீடித் தக்களியில் அந்த 350 மீற்றர் வித்தியாசம் ஒரு மாதம்!


தக்களி | ஜனவரி 14, காலை 6.05

லிந்துலைப்பிள்ளை, சால்வையை யாரும் மிதிப்பதில்லையே.


லிந்துலைப்பிள்ளை | ஜனவரி 14, காலை 6.40

சரி, அந்த அடி விழுந்தது. ஆனால் கணுக்காலுக்கு மேலேயும் யாரும் மிதிப்பதில்லை அண்ணா!


ஊசிக்காரி | ஜனவரி 14, பகல் 1.30

பொங்கலும் அதுவுமாக இரண்டு பேரும் சண்டை பிடிக்காதீர்கள். இரண்டு பேரும் சரி, அவரவர் இடத்தில். மேஸை ஒரே பொருளாக நினைப்பதால்தான் இந்தச் சண்டை. ரேந்தை தெரிய வேண்டியது காலிலும் பாதத்தின் மேல்பக்கத்திலும். அடி படுவது குதிகாலிலும் விரல் நுனியிலும் உள்ளங்காலிலும். உள்ளங்காலில் ரேந்தை வைக்கிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

நான் செய்வது இது. மேஸ் முழுவதும் முறுக்கேறின இரட்டை நூல். குதிகாலை மட்டும் பிறகு வைக்கிறேன், அதற்கு மூன்று இழை. "பிறகு" என்றால், காலைக் குழாய் மாதிரிப் பின்னிக்கொண்டே வந்து, குதிகால் வரவேண்டிய இடத்தில் 30 கண்ணியை மட்டும் வேறு நிறத்தில் ஒரு கழிவு நூலால் பின்னுகிறேன். அந்த 30-ஐயும் திரும்ப இடது ஊசிக்கு மாற்றி, சொந்த நூலால் மறுபடி பின்னிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரிப் பாதத்தைப் பின்னி விரல் நுனி வரை முடித்துவிடுகிறேன். அப்புறம் அந்தக் கழிவு நூலை ஒவ்வொரு கண்ணியாக உருவ வேண்டும். மேலே 30, கீழே 30 கண்ணி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவற்றை ஊசியில் ஏற்றி, விரல் நுனியைப் பின்னுகிற மாதிரியே சுற்று விட்டுச் சுற்று 4 கண்ணி குறைத்துக்கொண்டு போய் மூடினால் குதிகால்.

இதில் என்ன லாபம் என்றால், தேய்ந்த குதிகாலை மட்டும் பிரித்து எறிந்துவிட்டு அதே இடத்தில் புதிதாகப் பின்னலாம். சைக்கிளுக்கு டயர் மாற்றுகிற மாதிரி. என் வீட்டுக்காரரின் மேஸ் ஒன்றில் இப்போது மூன்றாவது குதிகால்.

ஒரு குறை உண்டு. இந்தக் குதிகால் கொஞ்சம் ஆழம் குறைவு, பாதத்தின் மேடு உயர்ந்தவர்களுக்கு இறுக்கும். குறைக்கத் தொடங்குமுன் நாலைந்து சுற்று சும்மா பின்னிக்கொண்டால் சரியாகிவிடும். கண்ணி எடுக்கும்போது இரண்டு மூலையிலும் ஓட்டை விழும். அங்கே ஒவ்வொரு கண்ணி கூடுதலாக எடுத்து அடுத்த சுற்றில் சேர்த்துப் பின்னிவிடுங்கள்.

ரேந்தைக்கு எந்தக் கோலம் போட்டீர்கள்?


சாரல்மழை | ஜனவரி 14, இரவு 8.10

அக்கா, அலை மாதிரி வருவது, 12 கண்ணிக் கோலம். முதல் இரண்டு சுற்றும் நிட் (சாதாரண நேர்க் கண்ணி). மூன்றாவது சுற்றில் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து இரண்டு தடவை, பிறகு நூலைச் சுற்றி ஒரு நிட் என்று நாலு தடவை, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு தடவை. நாலாவது சுற்று முழுக்கப் பேர்ல் (நிட்டின் மறுபக்கம் முன்னால் வருகிற கண்ணி). காலில் 60-ஐ 12-ஆல் வகுத்து ஐந்து அலை. பாதத்துக்கு வந்தபோது மேல்பக்கத்து 30 கண்ணியில் 12 சரியாக விழவில்லை. அதனால் உள்ளங்காலையும் சேர்த்துச் சுற்றிவர ரேந்தையாகவே பின்னிவிட்டேன்...


ஊசிக்காரி | ஜனவரி 14, இரவு 8.25

அதுவும் நீங்கள்தானா! சரி, சரி.

30-ல் இரண்டு அலை 24. மிச்சம் 6. இடப்பக்கம் 3, வலப்பக்கம் 3 என்று நிட்டாக விட்டுவிடுங்கள். காலில் வந்த அலைகளுக்கு நேராகப் பாதத்து அலையும் இறங்க வேண்டுமானால், குதிகால் இடத்துக்கு வரும்போது சுற்றின் தொடக்கத்தை 3 கண்ணி பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். தாளில் கட்டம் போட்டுப் பார்த்தால் உடனே விளங்கும். உள்ளங்கால் 30-உம் வெறும் நிட்.

நல்ல கோலம் அது. ஒவ்வொரு புதுக் கண்ணிக்கும் ஒரு குறைப்பு, கணக்கு எப்போதும் 12-லேயே நிற்கும். ஷெட்லண்டில் இதன் மூத்த வடிவம் 18 கண்ணியில் வரும். அதற்கு 54 அல்லது 72 போட வேண்டும், உங்கள் அம்மாவுக்கு இரண்டும் ஒத்துவராது. நம் தோட்டங்களுக்கு வந்த துரைமார் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். அம்மம்மா பழகினதும் இந்த அலைதான் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.


பழஞ்சொல் | ஜனவரி 15, காலை 9.00

பின்னலில் எனக்கு ஒன்றும் தெரியாது, தலைப்புத்தான் இழுத்துவந்தது. "ரேந்தை" போர்த்துக்கீச "ரெண்டா". "மேஸ்" போர்த்துக்கீச "மெய்யாஸ்", சிங்களத்திலும் அதே "மேஸ்". காலியிலும் வெலிகமையிலும் கட்டை வைத்துப் பின்னுகிறார்களே பீரலு ரேந்தை, அதுவும் அந்த வழியில் வந்ததாகத்தான் சொல்வார்கள். ஆக ரேந்தை மேஸ் என்று சொல்லும்போது நம் வாயில் முழுக்கப் போர்த்துக்கீசம். கம்பளி மட்டும் போர்த்துக்கீசர் வருமுன்பே நம்மிடம் இருந்த சொல். அந்தச் சொல்லைத் துரைமார் "கம்ளி" ஆக்கித் தோட்டக் கணக்கில் எழுதினார்கள்.


சாரல்மழை | ஜனவரி 15, மாலை 4.30

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருடைய அம்மா மழைக்குப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போனது அந்தக் கறுப்புக் கம்பளிதானாம். நனைந்தால் ஆளைவிடக் கம்பளி பாரமாக இருக்குமாம், வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆட்டு வாசனை அடுப்படி வரை வருமாம். நான் கம்பளி நூற்கும்போதெல்லாம் அம்மா ஏன் மூக்கைத் தேய்க்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது.


கொழுந்துக்கூடை | ஜனவரி 16, இரவு 7.45

டீச்சர் அக்கா, மறுபடி நூற்க நாலு மாதம் ஆகும் என்றால் இடையில் ஒரு வழி சொல்கிறேன். நுவரெலியா பேல் பஜாரில் பழைய கம்பளி ஸ்வெட்டர் வாங்கிப் பிரியுங்கள். நான் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை, இரவு ஷிப்ட், தேநீர் இடைவேளையில் இதுதான் என் பொழுதுபோக்கு.

வாங்குமுன் உள்ளே திருப்பி ஓரத் தையலைப் பாருங்கள். துணி மாதிரி வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால் வாங்க வேண்டாம், பிரித்தால் முழம் முழமாகத் துண்டுதான் கிடைக்கும். ஓரம் கண்ணியோடு கண்ணி கோத்திருந்தால் முழு நீள நூல். லேபிளை நம்பாதீர்கள், பாதியில் லேபிளே இருக்காது. வீட்டில் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி பொசுங்கின வாசனை, நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

நிறம் வேண்டுமென்றால் தேயிலை இருக்கவே இருக்கிறது. கம்பளிக்குத் தேயிலைச் சாயம் பிடிக்கப் படிகாரம்கூடத் தேவையில்லை. கடுஞ்சாயத்தில் நூலை ஈரமாகவே போட்டு, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சுடவைத்து, அதே பானையில் ஆறவிடுங்கள். பிஸ்கட் நிறம் வரும். துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஊறப்போட்ட தண்ணீர் ஒரு கரண்டி விட்டால் சாம்பல் நிறம்.


தக்களி | ஜனவரி 16, இரவு 9.10

தம்பி சொன்னது நல்லது, ஒன்று மட்டும். ஆணித் தண்ணீர் குதிகால் நூலுக்கு வேண்டாம். இரும்பு கம்பளி நாரை நாளடைவில் அரிக்கும். பிஸ்கட் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


அட்டைக்கடி | ஜனவரி 16, இரவு 9.30

பேல் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி, பிரித்து, சுற்றி, தேயிலையில் வேகவைத்து, சைக்கிளை உடைத்து ஊசி செய்து... பக்கத்துக் கடையில் மேஸே சோடி சோடியாகத் தொங்குகிறதே. கேட்கக் கூடாதோ?


ஊசிக்காரி | ஜனவரி 16, இரவு 9.34

கேட்கக் கூடாது.


நிர்வாகி | ஜனவரி 17, காலை 8.00

இழை நன்றாகப் போகிறது, ஒரு சிறு குறிப்பு மட்டும். இதை வாசித்துவிட்டு இந்தியாவிலிருந்து கம்பளி கொண்டுவர நினைக்கிறவர்கள், ஆட்டிலிருந்து வெட்டின பச்சைக் கம்பளியைக் கேட்காமல் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். விலங்குப் பொருள் என்பதால் அனுமதி வேண்டியிருக்கும். கால்நடைத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.


சாரல்மழை | மார்ச் 22, இரவு 8.50

இரண்டு மாதம் கழித்து வருகிறேன்.

மிச்சக் கம்பளியைத் தக்களி அண்ணன் சொன்ன மாதிரி நூற்றேன். அட்டையில் கட்டின மாதிரியைத் தினமும் பார்த்தேன். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது: முறுக்குக் கூடினதில் நூல் தக்களியிலிருந்து கழன்று பன்றிவால் மாதிரிச் சுருண்டு ஒன்றோடொன்று பிணைந்தது. பிறகு கை பழகிவிட்டது. இப்போது அடிமட்டத்தில் சுற்றினால் 16, சில இடத்தில் 17. இரட்டை நூல் 290 மீற்றர் தேறியது, குதிகாலுக்கு மூன்று இழை தனியாக 40 மீற்றர். சமையல் தராசில் வைத்துச் சரிபாதியாக இரண்டு பந்து சுற்றிக்கொண்டேன்.

சைக்கிள் கம்பி ஊசியும் செய்தேன். சைக்கிள் கடை அண்ணன் எதற்கு என்று கேட்டார். மேஸ் பின்ன என்றேன். காசு வாங்கவில்லை, தலையைத்தான் ஆட்டினார்.

முதல் மேஸ் போன ஞாயிறு முடிந்தது. கழிவு நூலை உருவினபோது கை நடுங்கியது. 30 கண்ணியும் வாயைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்து அம்மா "ஐயோ கிழிச்சிட்டியே" என்று கத்திவிட்டார். குதிகாலை மூடினதும் வாங்கிப் பார்த்தார், இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார், பிறகு போட்டுப் பார்த்தார். துளை விரிந்தது அக்கா. நீங்கள் சொன்ன மாதிரி கையில் சுருங்கின வாழைப்பூ, காலில் அலை அலையாக. தேயிலை நிறம் அவருடைய தோலோடு ஒட்டிப்போய், வெளிச்சத்தில் பார்த்தால்தான் எது மேஸ் எது கால் என்று தெரிகிறது.

ஒரு விபத்தும் உண்டு. நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது பழைய சோடியில் கிழியாத ஒன்றை அம்மா சுடுதண்ணீரில் சவர்க்காரத்தூள் போட்டுக் கசக்கி அடுப்புக்கு மேலே காயப்போட்டிருக்கிறார். அது இப்போது தேநீர்க் கோப்பைக்குச் சட்டையாக இருக்கிறது, அளவும் சரி.


லிந்துலைப்பிள்ளை | மார்ச் 22, இரவு 10.20

வாழ்த்து! இனிமேல் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தை ஷாம்பூ, அமுக்கி எடுப்பது மட்டும், முறுக்கிப் பிழியக் கூடாது. கடையில் வாங்குகிற மேஸ் நூல் பலவற்றுக்கு இறுகாமல் இருக்க முன்பே பக்குவம் செய்திருப்பார்கள். நாம் நூற்றதற்கு அது கிடையாது. சூடும் கசக்கலும் சேர்ந்தால் நாரின் செதில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது.


தக்களி | மார்ச் 23, காலை 5.45

16, 17 என்றால் நல்ல கை. அந்த அட்டை மாதிரியை எறிந்துவிடாதீர்கள்.


ஊசிக்காரி | மார்ச் 23, காலை 7.10

ஒரு மேஸ் முடிந்தது சரி. இரண்டாவது?


சாரல்மழை | மார்ச் 23, மாலை 6.30

இரண்டாவதில் கணுக்கால் வரை வந்திருக்கிறேன். ஆனால் அம்மா முதலாவதைக் கழற்றமாட்டேன் என்கிறார். ஒற்றைக் காலில் ரேந்தையும் மறு காலில் கறுப்பு நூல் தைத்த பழையதுமாக இரண்டு நாளாக வீட்டுக்குள் நடக்கிறார். அளவு ஒப்பிட வேண்டும், கொஞ்சம் கழற்றுங்கள் என்றால், காலோடு வைத்து அளந்துகொள் என்கிறார்.

அதோடு ஒரு கேள்வி. கழுவிக் காயவைக்கக் கோட் ஹேங்கர் கம்பியைக் கால் வடிவத்தில் வளைக்கலாம் என்று பழைய இழை ஒன்றில் வாசித்தேன். கம்பித் துரு மேஸில் பிடிக்காதா?


ஊசிக்காரி | மார்ச் 23, இரவு 8.00

பிடிக்கும். பாண் வருகிற பொலித்தீன் பையைக் கிழித்துக் கம்பி முழுக்கச் சுற்றிவிட்டு வளையுங்கள். அம்மாவின் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டு, அதைவிட அரை அங்குலம் உள்ளே வளைக்க வேண்டும். கழற்றச் சம்மதித்தால் பார்ப்போம்.


அட்டைக்கடி | மார்ச் 23, இரவு 8.12

கழற்ற வைக்க ஒரு அட்டை அனுப்பட்டுமா?